படகு ஃபிரிட்ஜ் இரவில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

படகில் 40 லிட்டர், 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். 100 ஆம்பியர்-அவர் ஈய அமில பேட்டரி, நாலு வருடப் பழசு. போன மாதம் வரை பிரச்சினை இல்லை. இப்போது இன்ஜின் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது; அணைத்த கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் "டக்" என்று கிளம்பப் பார்த்து நின்றுவிடுகிறது. எச்சரிக்கை விளக்கு ஒருமுறை சிமிட்டுகிறது. கையேட்டின்படி அது குறைந்த வோல்ட்டேஜ்.

ஃபியூஸ் மாற்றினேன், பேட்டரி முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன், காற்றுத் துவாரமும் அடைபடவில்லை. வயர் 4 சதுர மில்லிமீட்டர், போக வர 12 மீட்டர். 2.5 வயரை எடுத்துவிட்டு இதைப் போட்டும் பலனில்லை, காசுதான் போனது.

அளந்தது: சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பேட்டரியில் 11.6, ஃபிரிட்ஜ் முனையில் 10.3. கிளம்பும்போது 10 ஆம்பியர் இழுத்தாலும் இந்த வயரில் அரை வோல்ட்தான் குறைய வேண்டும்; ஆனால் 1.3 வோல்ட் குறைகிறது. எனவே பேட்டரியை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. இடையில் ஃபியூஸ் ஹோல்டர், சுவிட்ச், நெகட்டிவ் இணைப்புப் பட்டை இருக்கின்றன. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது.

கம்ப்ரசர் ஒரு நொடிதான் முயல்கிறது, அதற்குள் மீட்டர் நிலைப்பதில்லை. இந்த மூன்றில் எது வோல்ட்டேஜை விழுங்குகிறது என்று எப்படிச் சோதிப்பது?