நித்தியகல்யாணி துவண்டுபோகிறது, உடனே வழி சொல்லுங்கள்

மல்லிகாவனம்:
வணக்கம். நர்சரியில் வாங்கிவந்த நித்தியகல்யாணிச் செடிகள் அத்தனையும் துவண்டுபோகின்றன. எந்த வெயிலையும் தாங்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தண்ணீரும் விடாமல் ஊற்றுகிறேன். உரம் போதவில்லையா, பூச்சியா? நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

கரிசல்காட்டான்:
எந்த ஊர்? மாடியா, தரையா? தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா? நாள் முழுவதும் துவண்டு கிடக்கிறதா, குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமா? ஒரு படம் போடுங்கள்.

செம்மண்:
வேரழுகல்தான். நித்தியகல்யாணியைக் கொல்வது வெயில் இல்லை, தண்ணீர். மண் ஈரமாகவே கிடந்தால் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமி வேரிலும் தண்டிலும் ஏறிவிடும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்றே தண்ணீரை நிறுத்துங்கள்.

வேப்பம்பிண்ணாக்கு:
வேரைத் தாக்கும் நூற்புழுவாகவும் இருக்கலாம் அக்கா. ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். பழைய மண்ணையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது வரும். தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு கலந்துவிடுங்கள்.

ஆலமரத்தடி:
ஊர் சொல்லவில்லை, படம் இல்லை, மண் என்னவென்று சொல்லவில்லை. இப்படிக் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? இங்கே கேள்வி கேட்கும் முறையைப் பற்றிப் பலமுறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. நித்தியகல்யாணி சுடுகாட்டு மேட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூக்கிற செடி. அடிப்படையைத் தெரிந்துகொண்டு வளர்க்கப் பழகுங்கள்.

செம்மண்:
ஐயா, அவசரத்தில் கேட்கிறார். தெரிந்ததைச் சொல்வோமே.

மல்லிகாவனம்:
திருச்சி. மொட்டைமாடி, காலையிலிருந்து மாலைவரை நேர்வெயில். தொட்டியில் ஓட்டை உண்டு. படம் ஏற மறுக்கிறது. பூ ஐந்து இதழ், தட்டையாக, இளஞ்சிவப்பு. பதினொரு மணிக்கு மேல் துவண்டுவிடும், இரவில் மறுபடி நிமிர்ந்துவிடும். நிறையப் பூத்தது, காயும் பிடித்தது. காயைத் தொட்டால் பட்டென்று வெடிப்பதால் மகள் அதை வைத்தே விளையாடுகிறாள். உரம் எது போடலாம்?

சேர்வராயன்:
உரத்தை விடுங்கள் அம்மா. காய் வெடிக்கிறது என்று சொன்னீர்களே, அதைக் கவனியுங்கள். நித்தியகல்யாணியின் காய் வெடிக்காது. மெலிந்து நீண்ட நெற்றுகள் இரண்டு இரண்டாக நிற்கும், காய்ந்தபின் பிளந்து கறுப்பு விதை உதிரும். தொட்டால் வெடித்து விதையைத் தெறிப்பது காசித்தும்பை இனம். உங்களிடம் இருப்பது இம்பேஷன்ஸ் என்றே நினைக்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து உலகம் முழுவதும் போன பாத்திப் பூ. எங்கள் ஏற்காட்டில் ஈரமான நிழலில் தானாகவே முளைத்து நிற்கும்.

வேப்பம்பிண்ணாக்கு:
காசித்தும்பைப் பூ அப்படித் தட்டையாக இருக்காதே. எங்கள் வீட்டில் இருப்பது தண்டை ஒட்டி அடுக்கடுக்காகப் பூக்கும்.

சேர்வராயன்:
நீங்கள் சொல்வது நம் ஊர்க் காசித்தும்பை. இது அதே இனத்தில் வேறு வகை. பூ தட்டையாக விரிந்து நிற்பதால் மேலிருந்து பார்த்தால் நித்தியகல்யாணியேதான். பூவைத் திருப்பிப் பாருங்கள். இம்பேஷன்ஸுக்குப் பின்னால் நூல்போல் மெல்லிய வளைந்த வால் ஒன்று நீண்டிருக்கும். நித்தியகல்யாணிக்கு வால் கிடையாது, இதழ்கள் ஒரு குழலில் சேர்ந்திருக்கும், இழுத்தால் பூ முழுதாகக் கழன்று வரும். அடுத்து இலை. நித்தியகல்யாணி இலை பளபளப்பாக, ஓரம் வழவழப்பாக, நடுநரம்பு வெளிறி, எதிரெதிரே சோடியாக இருக்கும். இம்பேஷன்ஸ் இலையின் ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும்.

கரிசல்காட்டான்:
தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இம்பேஷன்ஸ் தண்டு நீர் நிறைந்து, ஒளி ஊடுருவுவதுபோல் இருக்கும், நகம் பட்டாலே ஒடியும். நித்தியகல்யாணியின் அடித்தண்டு விறைப்பாகக் கட்டைபோல் இருக்கும், கிள்ளினால் பால் கசியும். ஆனால் பாலை மட்டும் நம்ப வேண்டாம், சில நேரம் கண்ணுக்கே தெரியாத அளவுதான் வரும்.

ஆலமரத்தடி:
படத்தைக்கூடப் பார்க்காமல் செடியின் பெயரை மாற்றுவது சரியில்லை. ஃப்ளாக்ஸ் என்ற பூச்செடிக்கும் ஐந்து இதழ்தான், தட்டைதான்.

சேர்வராயன்:
ஃப்ளாக்ஸ் காயும் வெடிக்கும் ஐயா, ஆனால் காய்ந்து முற்றிய பிறகு. பச்சைக் காய் விரல் பட்டதும் சுருண்டு வெடிக்காது. தவிர, ஃப்ளாக்ஸ் பூ கொத்தாக வரும்.

துளசிமாடம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நித்தியகல்யாணி இலையைத் தினமும் மென்றால் சர்க்கரை குறையும் என்று என் மாமனார் சாப்பிடுகிறார். இந்தச் செடியின் இலையும் அதற்கு ஆகுமா?

செம்மண்:
இரண்டையுமே சாப்பிட விடாதீர்கள். நித்தியகல்யாணி நச்சுச் செடி. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இதிலிருந்துதான் வந்தன. அவற்றை மருத்துவமனையில் அளந்து இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவார்கள். அப்போதும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆலமரத்தடி:
பாட்டி வைத்தியத்தை இப்படி ஒரே வரியில் ஒதுக்க வேண்டாம். பல நாடுகளில் சர்க்கரைக்கு இதைக் குடித்திருக்கிறார்கள்.

செம்மண்:
குடித்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஜமைக்காவிலிருந்து அந்த இலைகள் கனடாவுக்குப் போனதும் அதனால்தான். ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் 1950களில் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஊசிவழி செலுத்தியபோது இரத்த வெள்ளணுக்கள் சரிந்தன, எலிகள் தொற்று கண்டு இறந்தன. வெள்ளணுவைக் குறைக்கும் அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் 1958இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். துளசிமாடம், மாமனாரிடம் இன்றே பேசுங்கள். மருத்துவரிடம் இலை சாப்பிடுவதை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

ஆலமரத்தடி:
எலியும் மனிதனும் ஒன்றல்ல.

துளசிமாடம்:
என் கணவரைப் பேசச் சொல்கிறேன். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

வேப்பம்பிண்ணாக்கு:
மல்லிகாவனம் அக்கா எங்கே போனார்? வேரைப் பார்த்தீர்களா?

சேர்வராயன்:
வேரைப் பிடுங்க வேண்டாம். இரவில் நிமிர்கிறது என்றால் வேர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். முற்ற அழுகியிருந்தால் இரவிலும் எழாது. மெல்லிய இலைவழியாக வெளியேறும் நீருக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். செம்மண் சொன்னபடி தண்ணீரை நிறுத்தினால் இந்தச் செடி செத்துவிடும். மேல்மண் காயத் தொடங்கும்போது ஊற்றுங்கள். சித்திரை வெயிலைத் திருச்சியில் இது தாண்டுவது கடினம், அதனால் இரண்டு கிளைகளை ஒடித்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். எளிதாக வேர்விடும்.

செம்மண்:
ஆமாம், நான் சொன்னது நித்தியகல்யாணிக்கு. இம்பேஷன்ஸ் என்றால் சேர்வராயன் சொல்வதைக் கேளுங்கள்.

மல்லிகாவனம்:
வால் இருக்கிறது. இலை ஓரத்தில் பல்லும் இருக்கிறது. பால் வரவில்லை. தொட்டிகளைப் படிக்கட்டுக்குக் கீழே இறக்கிவிட்டோம், இன்று மதியம் துவளவில்லை. எல்லோருக்கும் நன்றி. பெட்டி கட்ட வேண்டும்.

சேர்வராயன்:
மகிழ்ச்சி. நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? அவர்களிடம் தொட்டிகளை மறுபடி வெயிலில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வெடித்துத் தெறித்த விதைகள் பக்கத்துத் தொட்டிகளில் முளைத்தால் அவற்றையும் நிழலுக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
அந்த நர்சரியில் என்ன பெயர் எழுதி விற்றார்கள் என்று திரும்பி வந்ததும் சொல்லுங்கள். நானும் போன வாரம் வெயிலுக்கென்று ஒரு தட்டு நாற்று வாங்கி வைத்திருக்கிறேன், இப்போதுதான் பூவைத் திருப்பிப் பார்க்கப் போகிறேன்.