பர் ஊரில் வார்த்த ஆடி

அயர்லாந்தின் ஆஃபலி மாவட்டத்துச் சிற்றூரான பர் பற்றிப் பேச்செடுத்தால், கோட்டை வளாகத்துப் பெரிய தொலைநோக்கியில்தான் போய் நிற்கும். ஊரின் பிரபு வில்லியம் பார்சன்ஸ் 1845-இல் அதன் வழியே எம்51 என்ற விண்மீன் மண்டலத்தின் சுழல் வடிவத்தைக் கண்டார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தத் தொலைநோக்கியின் ஆடியை 1842 ஏப்ரலில் வார்த்த வேலை.

வெள்ளி பூசிய கண்ணாடி ஆடிகள் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. ஆடி என்றால் உலோகம்தான். எடையில் 126.4 பங்கு செம்புக்கு 58.9 பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் கூடினால் உலோகம் நொறுங்கும். செம்பு கூடினால் மஞ்சளடித்துச் சீக்கிரம் மங்கும். கேரளத்தின் உலோக ஆடியான ஆறன்முளைக் கண்ணாடியும் ஏறத்தாழ இந்தக் கலவைதான். ஆனால் அது கைக்கடக்கம். இங்கே 6 அடி விட்டம், சுமார் 3 டன்.

மூன்று இரும்பு மூசைகளில் உலோகத்தை உருக்கினார்கள். உலைக்கு எரிபொருள், சுற்றுவட்டாரச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் என்ற கரிமண் கட்டி. உருக்குவதைவிட ஆறவைப்பதுதான் கஷ்டம். மணல் அச்சில் ஊற்றினால் விளிம்பு முதலில் இறுகும், நடுப்பகுதி பின்னால் சுருங்கும், ஆடி விரிசல் விடும். அதனால் அச்சின் அடித்தளத்தை மட்டும் இரும்புப் பட்டைகளைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கிச் செய்தார்கள். உலோகம் அடியிலிருந்து மேல்நோக்கி இறுகியது. உள்ளே சிக்கும் காற்று பட்டை இடுக்குகள் வழியே வெளியேறியது. பக்கச்சுவர் மணல்தான். இறுகியதும், சூடு குறைவதற்குள் இழுத்துச் சூளைக்குள் தள்ளி வாயை அடைத்தார்கள். 16 வாரம் அப்படியே கிடந்து ஆறியது.

பிறகு நீராவி இயந்திரத்தில் சாணை. ஆடி தண்ணீர்த் தொட்டிக்குள் சுழலும். வெப்பம் ஏறி இறங்கினால் வளைவு கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. தேய்க்க எமரித் தூள், மெருகேற்றக் கீல் பூசிய கருவியில் இரும்புச் செந்தூள். இதையெல்லாம் செய்தவர்கள் பிரபுவே பழக்கியெடுத்த பண்ணையாட்கள்.

ஈரக்காற்றில் இந்த உலோகம் களிம்பேறும். புளி போட்டுத் தேய்த்து முடிக்கிற காரியமில்லை. மறுபடி மெருகேற்றினால் வளைவையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். அதனால் இரண்டு ஆடிகள் வைத்திருந்தார்கள். ஒன்று குழாயில் இருக்க, மற்றது பட்டறையில். குழாயோ இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே தொங்கியது. மேலும் கீழும் தாராளமாகப் போகும், பக்கவாட்டில் கொஞ்சம்தான். வான்பொருள் உச்சக்கோட்டை (வானில் வடக்கு தெற்காகத் தலைக்கு மேலே போகும் கோடு) கடக்கும் நேரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பார்க்கலாம். மேகம் வந்தால் அன்றைய வாய்ப்பு போயிற்று. 1845 இலையுதிர்காலத்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்ததும் பிரபு நிவாரண வேலையில் இறங்கினார். ஒழுங்கான அவதானிப்பு 1848-இல்தான் திரும்பியது. பழைய ஆடி ஒன்று இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பர் ஊரில் 1990-களில் சீரமைத்த குழாயில் இருப்பது அலுமினிய ஆடி.

அந்தக் காலத்து பர் ஊர்க் குடும்பங்களின் பதிவுகளைத் தேடுகிறவர்கள் ஆஃபலி, பர் என்று மட்டும் தேடி ஏமாற வேண்டாம். அன்றைய பெயர்கள் கிங்ஸ் கவுண்டி, பார்சன்ஸ்டவுன். 1841, 1851 குடிக்கணக்கில் பெரும்பகுதி 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. நிலம், வீடுகளுக்கு வரி விதிக்க எடுத்த 1850-களின் கிரிஃபித் மதிப்பீடு கைகொடுக்கும். ஆனால் அதில் குடும்பத்தாரில் குடித்தனத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும், தொழில் இருக்காது. தொழிலோடு முழுக் குடும்பமும் வேண்டுமென்றால் 1901, 1911 குடிக்கணக்கு. இரண்டும் இணையத்தில் இலவசம்.