மறுமொழி: ஆட்டோஆன்டிபாடிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தோலைத் தாக்கும் தன்னுடல் தாக்குநோய்கள் குறித்த கட்டுரைக்காக மருத்துவர் அம்மா அனுப்பிய சொற்பட்டியலைப் படித்தேன். 'கனெக்டிவ் டிஷ்யூ' பற்றி நாம் நீண்ட நேரம் வாதாட வேண்டியதில்லை. இணைப்புத் திசு என்று எழுதுவோரும் இணைப்பிழையம் என்று எழுதுவோரும் ஒருவர் எழுத்தை மற்றவர் தடையின்றிப் படிக்கிறார்கள். உடல் தன் சொந்தப் பொருளையே எதிர்த்து உண்டாக்கும் புரதமான ஆட்டோஆன்டிபாடிதான் வாசகரைத் தடுக்கி விழச் செய்யும் இடம்.

> ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி இருக்கிறதே. முன்னால் 'தன்' சேர்த்துத் தன்-பிறபொருளெதிரி என்றால் போதாதா?

போதாது ஐயா. பிறபொருளெதிரி நல்ல சொல். கிருமி, நஞ்சு, ஒவ்வாத குருதி என வெளியிலிருந்து நுழைவதை எதிர்ப்பது என்று பார்த்தவுடன் பொருள் விளங்கும். நாம் பேசும் நோய்களில் எதிர்க்கப்படுவதோ உடலின் சொந்தப் புரதம். தன்-பிறபொருளெதிரி என்று படிப்பவர், தன் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரி என்றே எடுத்துக்கொள்வார். அந்த விளக்கம் எல்லா ஆன்டிபாடிக்கும் பொருந்தும். சொல்லவந்த செய்தி காணாமல் போய்விடுகிறது.

உடல் தன்னையே எதிர்க்காது என்ற எண்ணம் மருத்துவத்திலும் வேரோடியிருந்த ஒன்றுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய நோயெதிர்ப்பு ஆய்வாளர் பால் எர்லிக், உடல் தனக்கே நஞ்சாவதை எப்படியும் தவிர்த்துவிடும் என்று கருதினார். அவர் பெயரின் கனத்தில் அந்தக் கருத்து நெடுங்காலம் நின்றது. பழைய சொல்லை அப்படியே வைத்துக்கொண்டால் அந்தக் கருத்தும் கூடவே வந்துவிடும்.

என் பரிந்துரை: தன்பொருளெதிரி.

பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோயில் வைத்து இதைச் சோதித்துப் பார்த்தேன். 1964இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்னஸ்ட் பியூட்னரும் ராபர்ட் ஜோர்டனும் இந்த நோயாளிகளின் குருதி நீரில் மேல்தோல் செல்களின் இடைவெளியில் போய் ஒட்டும் ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார்கள். இன்றும் நோயை உறுதிசெய்ய ஏறக்குறைய அதே வழிதான். கொப்புளத்துக்குப் பக்கத்தில், பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலிருந்து சிறு துணுக்கு எடுக்கிறார்கள். அதை உறையவைத்து மெல்லிய சீவல்களாக்கி, ஆன்டிபாடியில் போய் ஒட்டும், ஒளிரும் சாயம் பிணைத்த பொருளை ஊற்றிக் கழுவிவிட்டு நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். இருட்டுப் பின்னணியில் ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பச்சைக் கோடு ஓடும். முழுவதும் ஒரு மீன்வலை விரித்தாற்போல் இருக்கும். பெம்ஃபிகாய்டு என்ற உறவு நோயிலோ வலை இராது. மேல்தோலும் உள்தோலும் சந்திக்கும் எல்லையில் ஒற்றைக் கோடு மட்டும் தெரியும். எந்த இடத்தில் உள்ள பொருள் எதிர்க்கப்படுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

1991இல் மசாயுகி அமாகாயும் ஜான் ஸ்டான்லியும் அவர்களின் குழுவினரும் பெம்ஃபிகஸில் எதிர்க்கப்படும் பொருளின் அடையாளத்தைக் கண்டுபிடித்தார்கள். செல்லைச் செல்லோடு பிடித்துவைக்கும் புரத வகையைச் சேர்ந்த அதற்கு இன்றைய பெயர் டெஸ்மோகிளீன் 3. இப்போது கட்டுரையில் இப்படி எழுதலாம்: 'டெஸ்மோகிளீன் 3-க்கு எதிரான தன்பொருளெதிரி செல்களின் பிணைப்பை அவிழ்க்கிறது, வாயின் உட்பரப்பு இந்தப் புரதத்தையே பெரிதும் நம்பியிருப்பதால் புண் பலருக்கு முதலில் வாயில் தோன்றுகிறது.' நாக்கு தடுக்காமல் படிக்க முடிகிறதா, சொல்லுங்கள்.

> நோயை உண்டாக்குவதே அதுதான் என்பதால் தன்தாக்கி என்று சுருக்கமாக வைக்கலாம்.

சுருக்கம் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் பொருள் மிகைப்படுகிறது. பெம்ஃபிகஸில் அது சரி. நோயாளிகளிடமிருந்து பிரித்த ஆன்டிபாடியைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் கொப்புளம் வந்ததை 1982இலேயே காட்டிவிட்டார்கள். தோல் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மாவில் நிலைமை வேறு. அங்கே செல்கருவுக்குள் இருக்கும் சென்ட்ரோமியருக்கும் டோப்போஐசோமரேஸ் 1-க்கும் எதிரான ஆன்டிபாடிகள் நோயின் வகையை அறிய மிகவும் உதவுகின்றன; தோலை இறுக்குவது அவைதான் என்று பெம்ஃபிகஸில் போல நிறுவப்படவில்லை. தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோயில் தேடப்படும் செல்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியோ, எந்த நோயும் இல்லாத சிலரின் குருதியிலும் குறைந்த அளவில் இருக்கும். பரிசோதனை முடிவில் 'தன்தாக்கி உள்ளது' என்று படிக்கும் ஒருவர் எவ்வளவு அஞ்சுவார் என்று நினைத்துப் பாருங்கள். நோயாளி கையில் போய்ச் சேரும் சொல் இது. தெரிந்ததற்கு மேல் அது எதையும் சொல்லக் கூடாது.

மருத்துவர் அம்மா கேட்டிருந்த கடினமான கேள்வி: தாயின் குருதியில் உள்ள, 'ரோ' என்ற செல் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போனால் அதையும் தன்பொருளெதிரி என்பதா? பிறந்த குழந்தை லூபஸில் நடப்பது இதுதான். தாயிடமிருந்து வந்தது தீரத் தீரத் தோல் தடிப்பு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். இதயத் துடிப்புக் கடத்தலில் முழு அடைப்பு ஏற்பட்டிருந்தால் அது நிலைத்துவிடும். தாயின் உடல் தன் பொருளுக்கு எதிராக உண்டாக்கியது என்பதால், 'தாயின் தன்பொருளெதிரி' என்று எழுதினால் குழப்பம் இராது. 'தாயின்' என்பதை விட்டுவிடாமல் எழுத வேண்டும், அவ்வளவே.

புணர்ச்சி பற்றி: தற்பொருளெதிரி என்றல்லவா வர வேண்டும் என்று புலவர் ஐயா கேட்பார். நன்னூல் 'தன்' என்பதன் ஈறு வல்லினத்தோடு உறழும் என்கிறது. தன்பகை, தற்பகை இரண்டும் சரி. 'தற்' என்றதும் தற்காலம், தற்போது நினைவுக்கு வருவதால் நான் இயல்பான வடிவத்தைத் தேர்ந்தேன்.

மிச்சம் இருப்பது ஆட்டோஆன்டிஜென், அதாவது அந்த எதிர்ப்புக்கு உள்ளாகும் உடலின் சொந்தப் பொருள். தன்பொருளெதிரியாக்கி என்று நீட்டினால் கட்டுரை மூச்சு வாங்கும். எதிர்க்கப்படும் புரதத்தை 'தன்னிலக்கு' என்று சொல்லிப் பார்க்கிறேன்: 'பெம்ஃபிகஸின் தன்னிலக்கு டெஸ்மோகிளீன்.' எதிர்ப்பைத் தூண்டும் தன்மை இந்தச் சொல்லில் வரவில்லை என்ற குறை எனக்கு உறுத்துகிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். கட்டுரையின் மூன்றாம் பகுதி அந்தச் சொல்லுக்காகவே நிற்கிறது.

அன்புடன்