சுயத்துக்கு மரித்த ஒருவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

நான்காம் வரிசை:

கலாத்தியர் 2:20 நம் எல்லோருக்கும் மனப்பாடம்: இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார், நான் பிழைத்திருப்பது விசுவாசத்தினாலே என்று பவுல் எழுதியது. அதன்படி நடந்த ஒருவரைப் பார்த்தது இன்னும் என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பாடகர் குழுவில் தனிப்பாட்டு என்றால் மூத்த அக்கா ஒருவர்தான். அந்தப் பெரிய வெள்ளிக்கு நடத்துனர் அதை ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அக்காவிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒத்திகையில் எல்லோருடைய கண்ணும் அவர் முகத்தில்தான். அவர் எழுந்து, தன்னுடைய இசைத்தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனார். பக்கம் முழுவதும் பென்சில் குறிகள்: எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே குரலை அடக்க வேண்டும் என்று. ஓர் இடத்தில் விரலை வைத்து, "இங்கே அவசரப்படாதே, ஆர்கன் உனக்காகக் காத்திருக்கும்" என்றார். தாளை அவளிடமே விட்டுவிட்டு வந்து அமர்ந்தார்.

வெளியே வந்ததும், "வலிக்கவில்லையா அக்கா?" என்று கேட்டேன். "வலிக்காமல் என்ன? இன்று இரவு அழத்தான் போகிறேன். சிலுவையை எடுத்துக்கொள் என்பதோடு மத்தேயுவும் மாற்கும் நிறுத்திவிட்டார்கள். லூக்காதான் 'அனுதினமும்' என்று சேர்த்து நம்மை மாட்டிவிட்டார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கடுகுவிதை:

அந்த அக்கா தானாகக் கொடுத்தார். என்னிடம் பிடுங்கப் பார்த்தார்கள். கணவர் கைநீட்டுவதைச் சொல்லத்தான் போதகரைப் பார்க்கப் போனேன். காயம் முழுக்கைச் சட்டைக்குள் இருந்தது. அவர் அதைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. வேதாகமத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி, லூக்கா 9:23இன் மேல் விரலை வைத்தார். நகம் அவ்வளவு ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. ஏனோ அதுதான் கண்ணிலேயே நிற்கிறது. "உங்கள் சுயம் இன்னும் சாகவில்லை, சகோதரி. அது செத்துவிட்டால் வீட்டில் சமாதானம் வரும்" என்றார்.

தன் சிலுவையை எடுக்கச் சொல்கிறது அந்த வசனம். இன்னொருவரின் கைமுட்டி எப்போது என் சிலுவை ஆனது? அடிக்கிறவரின் சுயமும் சாக வேண்டும் என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை.

பழைய மூப்பர்:

சகோதரிக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. என் அனுபவம் இரண்டே வரி. சபைக் கமிட்டித் தேர்தலில் நான் தோற்ற அன்று, ஜெயித்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "எனக்காக ஜெபியுங்கள் ஐயா" என்றார். எனக்கு நா எழவில்லை.

அது போகட்டும். இளையவர்களுக்குச் சில காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் மக்காரியு என்ற துறவி இருந்தார். ஆலோசனை கேட்டு வந்த சகோதரனைக் கல்லறைக்குப் போய் அங்கே கிடப்பவர்களைத் திட்டிவிட்டு வரச் சொன்னார். அவன் திட்டினான், கல்லும் எறிந்தான். மறுநாள் அவர்களையே புகழ்ந்துவிட்டு வரச் சொன்னார். அப்போஸ்தலர்களே, பரிசுத்தவான்களே என்று புகழ்ந்தான். இரண்டுக்கும் பதில் வரவில்லை. "நீயும் அப்படி இரு" என்றார் துறவி. இதை நாம் பழக்கமாக்க வேண்டும். காலையில் எழுந்ததும் ரோமர் 6:11ஐ வாய்விட்டு வாசியுங்கள். பாவத்துக்கு மரித்தவர்களாக உங்களை எண்ணிக்கொள்ளும்படி அது சொல்கிறது. உணர்ச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், எண்ணிக்கொள்வது விசுவாசத்தின் வேலை. யாராவது குறை சொன்னால் ஒரு நாள் பொறுத்துப் பதில் எழுதுங்கள். பாராட்டினால் பதிலே எழுதாதீர்கள். உபவாசத்தை வீட்டாருக்குக்கூடச் சொல்லாதீர்கள். முன்வரிசையில் உட்காருவதை நிறுத்துங்கள். பாடகர் குழுச் சகோதரியும் அந்த அக்காவைப் புகழ்ந்து எழுதியிருக்க வேண்டியதில்லை. அவருக்கு அது கண்ணியாகிவிடும்.

கேள்விக்காரன்:

மூப்பர் ஐயா, கல்லறையில் கிடப்பவர்கள் பதில் பேச மாட்டார்கள், சரி. பவுல் பேசினாரே! "இனி நான் அல்ல" என்று எழுதிய அதே அதிகாரத்தில், ஒன்பது வசனங்களுக்கு முன்னால், அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு முகமாக எதிர்த்ததையும் எழுதியிருக்கிறார். பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டுவிட்டு இரகசியமாக அனுப்பப் பார்த்தபோது, ரோமர்களாகிய எங்களை இப்படி அனுப்புவதா, அதிகாரிகளே வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16:37). ஆண்டவரும் தம்மை அறைந்த சேவகனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் 18:23. கடுகுவிதைச் சகோதரியிடம் யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கலாம்.

நான் பார்த்தது வேறு வகை. என்னோடு வேலை செய்த விசுவாசி ஒருவரின் கையில் பொய் ரசீதுகள் ஒரு கட்டு இருந்தன. "மேலதிகாரியிடம் சொல்லுங்கள்" என்றேன். "நான் மரித்தவன், எனக்கு எதற்கு இதெல்லாம்" என்று ரப்பர் வளையத்தை மாட்டி இழுப்பறையில் போட்டுவிட்டார். அந்த மாதம் அவருக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது.

கடுகுவிதை:

மூப்பர் ஐயா, நான் ஆலோசனை கேட்கவில்லை. அதற்குப் பிறகு வேறொரு சபையில் ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னேன். வசனம் எதுவும் எடுக்கவில்லை. "இன்றிரவு படுக்க இடம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுச் சாவியைத் தேடினார். ஜெபமெல்லாம் மறுநாள்தான்.

கணக்குப்பிள்ளை:

கலாத்தியர் 2:20இன் மறுபாதியை யாரும் தொடவில்லை. விசுவாசத்தினாலே பிழைப்பது என்கிறோமே, அது. விசுவாச ஊழியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வருவார். மனிதரிடம் கேட்பதே இல்லை என்பார். முழங்கால் போட்டதும், "ஆண்டவரே, வெள்ளிக்கிழமைக்குள் வாடகை கட்ட வேண்டும் என்பதை நீர் அறிவீர்" என்று தொடங்குவார். தொகையும் வரும், வீட்டுக்காரர் பேசிய பேச்சும் வரும். ஒரு முறை நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவருடைய கண்ணும் திறந்திருந்தது. என் பணப்பை இருந்த மேசைப் பக்கம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் 1836இல் அநாதை இல்லம் தொடங்கினார். 1870க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டிடங்கள், சுமார் 2,000 பிள்ளைகளுக்கு இடம். யாரிடமும் பணம் கேட்டதில்லை. ஆனால் வரவு செலவை அறிக்கையாக அச்சிட்டு வெளியிடுவார். 1841 கடைசியில் கையிருப்பு வற்றிப்போயிருந்தது. அந்த நேரத்தில் நிலவரத்தைச் சொன்னாலே கேட்பதுபோல் ஆகிவிடும் என்று, வழக்கமான கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளிப்போட்டார். அவருடைய சுயம் எந்த அளவுக்குச் செத்திருந்தது என்று எனக்கு இந்த ஒத்திவைப்பில்தான் தெரிகிறது, கட்டிடங்களில் இல்லை.

முல்லர் கதையை அந்த ஊழியரும் அடிக்கடி சொல்வார். அறிக்கை பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடுவார். ஒரு நாள் கூட்டம் முடிந்ததும், "ஐயா, நீங்களும் ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு அச்சிடலாமே, அச்சுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அதன் பிறகு அவர் எங்கள் கூட்டத்துக்கு வருவதில்லை.