நவாத்தில் மொழியின் '-லியா': கொடுப்பதற்கும் பிடுங்குவதற்கும் ஒரே விகுதியா?

கேள்வி:
மெக்சிகோவின் செவ்வியல் நவாத்திலை நாலு மாதமாகப் படிக்கிறேன். 'நிக்-கோவா' என்றால் அதை வாங்குகிறேன். 'நி-மித்ஸ்-கோவி-லியா' என்றால் உனக்கு வாங்கித் தருகிறேன். அதனால் நோட்டில் '-லியா என்றால் க்காக' என்று எழுதி அடிக்கோடும் போட்டு வைத்தேன். நேற்று 'நேச்-குயி-லியா இன் நோ-த்லஷ்கல்' என்று ஒரு வாக்கியம். 'குயி' என்றால் எடு. 'எனக்காக என் ரொட்டியை எடுக்கிறார்' என்று படித்தேன். உண்மையில் என்னிடமிருந்து ரொட்டியை எடுத்துக்கொள்கிறாராம்! நேற்றிலிருந்து இதே யோசனைதான். யாராவது விளக்குங்களேன்.

முதல் பதில்:
அந்த வரியை அடித்துவிடுங்கள். நானும் அங்கேயே வெகுநாள் தடுமாறியிருக்கிறேன். '-லியா' நல்லதா கெட்டதா என்று சொல்லாது. செயல் யார் மேல் போய்ப் படுகிறதோ, அந்த ஆளை வினைக்குள் கொண்டுவரும், அவ்வளவுதான். வாங்கும் பொருள் அவர் கைக்கு வரும், எடுக்கும் பொருள் அவர் கையை விட்டுப் போகும். அதை முடிவு செய்வது வினையின் பொருள்.

நாம் 'எனக்கு', 'என்னிடமிருந்து' என்று பெயரில் வேற்றுமை உருபை ஒட்டிப் பழகியவர்கள். நவாத்திலில் அந்த வேலை வினையிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் வாக்கியத்தையே பாருங்கள். 'என்னை' என்று பொருள்படும் 'நேச்' வினையின் முன்னால் வந்து நிற்கிறது. ரொட்டியைக் குறிக்க வேண்டிய 'கி', 'நேச்' இருப்பதால் ஒலிக்காமல் போய்விட்டது. செயப்படுபொருள் என்ற இடத்தை ரொட்டியிடமிருந்து ஆள் வாங்கிக்கொண்டார்! எனக்கு இந்த மொழியில் மிகப் பிடித்த இடம் இது. 'கோவா' என்பது 'கோவி' ஆனதையும் கவனித்திருப்பீர்கள், '-லியா' முன் கடைசி 'ஆ' இப்படி 'இ' ஆகும். 1645-இல் வந்த ஓராசியோ கரோச்சியின் நவாத்தில் இலக்கணம், '-லியா' ஏற்று இப்படி ஆளை உள்ளே கொண்டுவரும் வினைகளை 'அப்ளிகாதிவோ' வினைகள் என்றே தனியாக எடுத்துப் பேசுகிறது.

கேட்டவர்:
இப்போது புரிகிறது, ரொம்ப நன்றி. அப்படியானால் 'கி-மோ-சீவி-லியா'? 'சீவா' என்றால் செய். 'மோ' தன்னைக் குறிக்கும். தனக்காகச் செய்துகொள்கிறார் என்று எடுக்கலாமா?

இரண்டாம் பதில்:
சொல்லமைப்பு அதுதான். ஆனால் பேச்சு பெரியவர் ஒருவரைப் பற்றியது என்றால் 'செய்தருளுகிறார்' என்று எடுங்கள். அங்கே '-லியா' புதிதாக யாரையும் கொண்டுவரவில்லை. 'மோ'வும் அதுவும் சேர்ந்து வெறும் மரியாதை. வாக்கியத்தில் யார் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலில் பாருங்கள், பிறகு '-லியா'வைப் பிரியுங்கள்.