மலை ரயிலில் 400 படம் எடுத்தேன், ஒன்றிலும் புகை இல்லை

கேமராக்கிறுக்கன்:
வணக்கம். போன மே மாதம் மேட்டுப்பாளையம் – ஊட்டி ரயிலில் போய் வந்தேன். நீராவி இன்ஜினை நல்லபடியாகப் படம் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, அதற்காகவே அடித்துப் பிடித்து முதல் வகுப்பில், முன் பெட்டியில் இடம் வாங்கினேன். ரயில் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு முன்னால் இன்ஜினே இல்லை, கொடியை வைத்துக்கொண்டு ஒரு பிரேக்ஸ்மேன்தான் நிற்கிறார். இன்ஜின் வால் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது! வீட்டுக்காரி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

400 படத்துக்கு மேல் எடுத்தேன். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது இறங்கி ஓடி எடுத்தவைதான் கொஞ்சம் தேறும், அவற்றிலும் நீராவி சுண்ணாம்பைக் கொட்டியது போல வெறும் வெள்ளை, இன்ஜின் கன்னங்கரேல். வளைவுகளில் ஜன்னல் வழியாக எடுத்தவற்றில் புகையும் இல்லை, ஓட்டமும் இல்லை, ஷெட்டில் நிற்கிற வண்டி மாதிரி இருக்கிறது. ஷட்டர் 1/1000 (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்) வைத்திருந்தேன். ஜனவரியில் மறுபடி போகிறேன். எங்கே உட்கார வேண்டும், என்ன செட்டிங்? சிலர் தண்டவாளத்தோடு நடந்து போய் எடுத்த படங்களையும் பார்த்தேன், அப்படிப் போகலாமா?

கரிப்புகை:
முதலில் மே மாதத்தை விடுங்கள். நீராவி உண்மையில் கண்ணுக்குத் தெரியாது. குக்கர் விசில் அடிக்கும்போது உற்றுப் பாருங்கள், ஓட்டையை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இருக்காது, அதற்கு மேலே போய்க் காற்றில் குளிர்ந்த பிறகுதான் வெள்ளையாகத் தெரியும். வெயில் காலத்து உச்சி நேரத்தில் அந்த வெள்ளை வந்த வேகத்தில் காய்ந்து போகிறது, ஜனவரிக் காலையில் அதே இன்ஜின் விடுகிற அதே நீராவி பெட்டிக்கு மேலே திரண்டு நிற்கும். அதனால் உங்களுக்கு முக்கியமான இடம் மலை இல்லை, மேட்டுப்பாளையம் பிளாட்பாரம்தான். வண்டி 7:10க்குக் கிளம்பும், ஆறரைக்கே போய்விடுங்கள். வெயில் இன்ஜினுக்குப் பின்னாலிருந்து வருகிற பக்கமாக நின்றால் நீராவி விளிம்பு விளிம்பாக ஒளிரும், வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு எடுத்தால் பழையபடி சுண்ணாம்புதான்.

ஒன்றை ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஏறும்போது இன்ஜின் உழைக்கும், புகை வரும், ஆனால் அது வாலில் இருக்கும். சாயங்காலம் குன்னூரிலிருந்து இறங்கும்போது இன்ஜின் முன்னால் வரும், ஆனால் சரிவில் பிடித்துக்கொண்டுதானே இறங்குகிறது, புகை பேருக்குத்தான் இருக்கும். இன்ஜின் முன்னால் வர, அதன் தலைக்கு மேல் புகைமண்டலம் என்று நாம் மனதில் வைத்திருக்கும் படம் இந்தப் பாதையில் லேசில் கிடைக்காது. போதாக்குறைக்கு இப்போது ஓடுபவற்றில் பெரும்பாலானவை எண்ணெய் எரிக்கும் இன்ஜின்கள், நிலக்கரிப் புகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பொன்மலைக்காரன்:
தம்பி, நான் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கேமரா சமாச்சாரம் அரைகுறைதான். ஆனால் எதைப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

எல்லோரும் புகைபோக்கியையே எடுக்கிறீர்கள். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினின் அழகு பக்கவாட்டில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் வடிவமைத்தது. ஒவ்வொரு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் தெரியும். கீழே இருப்பது சாதாரண சக்கரத்தை ஓட்டும். கல்லாறு நிலையம் தாண்டிப் பல் தண்டவாளத்தில் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வெட்டிய பட்டை ஓடுகிற பகுதி) ஏறியதும் கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி மேல் சிலிண்டருக்குப் போய், அடியில் இருக்கும் பல்சக்கரத்தைச் சுற்றும். மேலே இருப்பது கியர் வழியாக ஓடுவதால் அந்தத் தண்டு கீழ்த் தண்டைவிட வேகமாக ஆடும். கீழே நிதானமாக ஒன்று, மேலே படபடவென்று இன்னொன்று. 12 அடி போனால் 1 அடி ஏறுகிற இடத்தில் அதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, சமதளத்தில் கீழ் சிலிண்டர் நீராவி நேரே புகைபோக்கிக்குப் போய்விடும், சத்தம் பளார் பளார் என்று கேட்கும். பல் தண்டவாளத்தில் இரண்டு சிலிண்டரில் உழைத்து அசந்து போய்த்தான் வெளியே வரும். அதனால் மேட்டுப்பாளையம் என்று மேலே கரிப்புகை சொன்னது சரிதான்.

தண்டவாளத்தில் நடக்கிற பேச்சே வேண்டாம். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் 1000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சட்டம் கிடக்கட்டும், கல்லாறு – ஹில்குரோவ் பக்கம் யானை தண்டவாளத்தைத் தாண்டுகிற காடு. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

மெதுவண்டி:
இடம் விஷயத்தில் எல்லோரும் கடைசிப் பெட்டி என்பார்கள், போகாதீர்கள். இன்ஜின் மூஞ்சிக்கு நேரே இருக்கும், எண்ணெய் வாடையும் சூடும்தான் மிச்சம். பெட்டிகளே நாலைந்துதான், நடுப் பெட்டியில் உட்காருங்கள், வளைவில் வண்டி மடங்கும்போது இன்ஜின் முழுசாகத் தெரியும். கேமராவை வெளியே நீட்ட வேண்டாம். 16 சுரங்கம் இருக்கிறது, வெட்டிய பாறை பல இடத்தில் கைக்கெட்டும் தூரம்.

பைக்கில் விரட்டலாம் என்று ஒருமுறை நானும் நண்பனும் போனோம், வண்டி மெதுவாகத்தானே போகிறது என்று. வண்டி மெதுதான், ஆனால் பாதி நேரம் காட்டுக்குள் போய்விடுகிறது, ரோட்டிலிருந்து சத்தம்தான் கேட்கிறது. மூன்று மணி நேரத்தில் உருப்படியாக இரண்டு படம்.

கேமராக்கிறுக்கன்:
பெரியவரே, அந்த மேல் தண்டு – கீழ்த் தண்டு விஷயம் படித்துவிட்டு என் படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். 1/1000இல் இரண்டுமே உறைந்து கிடக்கின்றன. அப்படியானால் ஷட்டரைக் குறைக்க வேண்டுமா? வெள்ளையும் கறுப்பும் ஒரே படத்தில் எப்படிச் சமாளிப்பது?

கரிப்புகை:
குறைக்கத்தான் வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 2.8 மீட்டர். 1/500இல் வண்டி அரை சென்டிமீட்டர்தான் நகர்கிறது, நின்ற வண்டிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? 1/30 வைத்தால் 9 சென்டிமீட்டர் நகரும், அந்த அளவுக்குப் பின்னணி கலையும். வண்டியோடு கேமராவையும் சேர்த்துத் திருப்புங்கள், பத்துக்கு எட்டு ஆடிப்போகும், பரவாயில்லை. பெரியவர் சொன்ன இரண்டு தண்டும் அதில்தான் பிரிந்து தெரியும், கீழே ஓரளவு உருவம், மேலே வெறும் கோடு. ஆனால் பல் தண்டவாளத்தில் நீங்கள் வண்டிக்குள் இருப்பீர்கள், இதற்கு வெளியே நிற்க வேண்டும். குன்னூரில் இறங்கி, ஊட்டிக்கு டீசல் இன்ஜின் மாட்டும் வரை பிளாட்பாரத்தை விடாதீர்கள், மறுநாள் காலை வண்டி நிலையத்துக்குள் வரும்போது முயற்சி பண்ணுங்கள்.

வெள்ளை – கறுப்புக்கு ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், நீராவி வெந்து வெறும் வெள்ளையாகிப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்துவிட்டு, கறுப்பை வீட்டில் வந்து தூக்கிக்கொள்ளலாம். வெந்த வெள்ளையை எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது.

மெதுவண்டி:
டிக்கெட் போடுவதற்கு முன் வண்டி ஓடுகிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து நாள் கணக்கில் நிறுத்துவார்கள், மார்கழி வரைகூட இழுக்கும். அப்புறம் ஹில்குரோவில் இறங்கும்போது பையின் ஜிப்பைப் போட்டுவிட்டு இறங்குங்கள். என் லென்ஸ் மூடி ஒன்று அங்கே ஒரு குரங்கிடம் இருக்கிறது, பிஸ்கட் என்று நினைத்து எடுத்துப்போய் மரத்தில் உட்கார்ந்து கடித்துப் பார்த்தது.