அவசர உதவிக்கு அழைக்கும்போது எதை முதலில் சொல்ல வேண்டும்?

கேள்வி:
சென்ற வாரம் நள்ளிரவில் என் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவசர உதவி எண்ணை அழைத்து, உடனே வண்டி அனுப்புங்கள் என்று கத்தினேன். மறுமுனையில் இருந்தவர் சிறிதும் பதறாமல் வயது என்ன, வியர்க்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போக, உயிர் ஊசலாடும் நேரத்தில் விசாரணை நடத்துகிறாரே என்ற எரிச்சலில் தெருப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். அடுத்த கணமே மைத்துனரை அழைத்துப் பேசத் தொடங்கினேன். வீடு தெரியாத ஓட்டுநர் அந்த நேரத்தில் என்னை மூன்று முறை அழைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. மாமனார் நலமாக இருக்கிறார். எனினும், நான் எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில் 1:
அவசர அழைப்புகளை ஏற்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். உங்களுக்கு வந்த எரிச்சல் அநேகமாக எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் பெரும்பாலான மையங்களில், கேள்வி கேட்பவர் விடைகளைக் கணினியில் பதியப் பதிய, வண்டியை அனுப்புபவர் அவற்றைத் தம் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். இடமும் நிலைமையின் கடுமையும் தெரிந்ததும் வண்டி கிளம்பிவிடும். அதன்பின் வரும் கேள்விகள் வண்டியில் வருபவர்கள் ஆயத்தமாவதற்கும், அதுவரை நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்வதற்கும்தான்.

ஆகவே முதலில் இடத்தைச் சொல்லுங்கள், அடுத்து உங்கள் தொலைபேசி எண்ணை, அதன் பிறகு நடந்ததை. பத்தாவது நொடியில் இணைப்பு அறுந்தாலும், என்ன நோய் என்று தெரியாத முகவரிக்கு வண்டியை அனுப்பிவிடலாம். முகவரி தெரியாத நோயாளிக்கு எங்கே அனுப்புவது?

நோய்க்கு நீங்களாகப் பெயர் சூட்ட வேண்டாம், கண்ணால் காண்பதைச் சொன்னால் போதும். "பக்கவாதம் போலிருக்கிறது" என்பதைவிட, "வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, வலது கையைத் தூக்க முடியவில்லை, ஒன்பது மணிக்குச் சாப்பிடும்போது நன்றாகத்தான் இருந்தார்" என்பது பல மடங்கு பயன்படும். அந்த ஒன்பது மணி மிகவும் முக்கியம், ஏனெனில் மூளை இரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்.

பதில் 2:
கைப்பேசியே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. அவசர எண்ணை அழைத்தவுடன் இருப்பிடத்தைத் தானாக அனுப்பும் வசதி ஆண்ட்ராய்டில் 2016இலும் ஐபோனில் 2018இலும் வந்தது. ஆனால், அதைப் பெறும் ஏற்பாடு அந்த நாட்டில் இருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லையென்றால் கைப்பேசிக் கோபுரத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும், அந்த ஊகம் சில கிலோமீட்டர்கூடப் பிசகலாம். எந்த வசதி இருந்தாலும், எத்தனையாவது மாடி, எந்தப் பக்கத்து வாசல் என்பவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: 112 என்பது கைப்பேசித் தொழில்நுட்பத்திலேயே அவசர எண்ணாக வகுக்கப்பட்டிருப்பதால், திரை பூட்டியிருந்தாலும் அதை அழைக்கலாம், உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில் வேறொரு நிறுவனத்தின் கோபுரம் வழியாகவும் அழைப்பு போகும். சிம் இல்லாமலும் போகும் என்பதை மட்டும் எங்கும் நம்பிவிட வேண்டாம். விளையாட்டு அழைப்புகள் பெருகியதால் ஜெர்மனி 2009இல் அதை நிறுத்திவிட்டது.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு, ஸ்பீக்கரைப் போட்டுக் கைப்பேசியை நோயாளியின் அருகில் தரையில் வைத்துவிடுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நினைவு தப்பியவர் இடைவெளி விட்டு விட்டு, குறட்டை போல மூச்சை இழுப்பதைப் பார்த்து "மூச்சு இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் இதயம் நின்றதன் அறிகுறி. ஸ்பீக்கரில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர்கள் மார்பை அழுத்தச் சொல்வார்கள். நடு மார்பில் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். உங்கள் கை வேகம் தவறாமல் இருக்க அவர்களே எண்ணிக்கொண்டும் இருப்பார்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். உறவினர்களுக்குச் சொல்ல வேறொருவர் வேறொரு கைப்பேசியை எடுக்கட்டும், இன்னொருவர் விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் போய் நிற்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை, அழைப்பில் பேசுவதாகவே எண்ணிக்கொண்டு எங்கள் முகவரியை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பதினோரு ஆண்டுகளாகக் குடியிருந்தும், எங்கள் குறுக்குத் தெருவின் பெயரில் தடுமாறி நின்றேன். மனைவிதான் திருத்தினார். இப்போது அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம். ஓட்டுநர் கடந்த முறை தவறவிட்ட திருப்பத்தையும் அதன் கீழே குறித்திருக்கிறேன்.